மூன்று மதிப்பெண் ஜாமீன் மனு

கேள்வி: ஐயா, டெல்டா பகுதியில் ஒரு சட்டக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இறுதியாண்டுக்கு வரைவுத் தாள் எடுக்கிறேன். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின் மாணவர்கள் முன்ஜாமீன், ஜாமீன் பிரிவுகளின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ‘438 என்றால் 482, 439 என்றால் 483’ என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். ஜாமீன் மனு எழுதச் சொன்னால் நாற்பது பேரும் ஒரே மாதிரியை நகலெடுத்து வருகிறார்கள். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? சட்டச் சீர்திருத்தத்தைப் பாராட்டு விழாவாகவும் ஆக்காமல், கண்டனக் கூட்டமாகவும் ஆக்காமல் எப்படிச் சொல்வது? தமிழில் எழுத விடலாமா? மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? நான் கோர்ட்டில் அதிகம் நின்றவள் இல்லை.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நாற்பது பேரும் ஒரே மனுவைக் கொண்டு வருகிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கோர்ட்டுக்கு வந்து பாருங்கள், இங்கேயும் அதே கதைதான். நான் ஜூனியராக இருந்தபோது, போன வாரத்து மனுவில் பெயரையும் குற்ற எண்ணையும் மட்டும் மாற்றித் தட்டச்சுக்குக் கொடுத்தேன். 22 வயதுப் பையனுக்கான மனுவில் ‘மனுதாரர் முதியவர், சர்க்கரை நோயாளி, தொடர் சிகிச்சை தேவைப்படுபவர்’ என்று நாலாவது பத்தி அப்படியே போய்விட்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வக்கீல் சார், பையனுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்தே மனு போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். மொத்தக் கோர்ட்டும் சிரித்தது. அன்றைக்கு மனு தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த நீதிபதி என் மனுக்களில் எந்தப் பத்தியையும் நம்பிப் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மாதிரி மனுவை வகுப்பில் காட்டாதீர்கள். முதல் மூன்று வகுப்புக்காவது காட்டாதீர்கள். கையில் ஒரு எஃப்.ஐ.ஆர். கொடுங்கள், போதும். பயிற்சிக்காக நானே கட்டிய ஒன்றைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதக் கடைசி. மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடையை எட்டிப் பார்க்கிற நேரம். குத்தாலம் பக்கம் ஒரு கிராமம். பங்காளிகள் இரண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால். ராத்திரியில் யாரோ மடையை மாற்றி வெட்டிவிட்டார்கள். காலை ஆறரை மணிக்கு வாய்ச்சண்டை, மம்பட்டிக் காம்பால் ஒரு அடி, தலையில் நாலு தையல். காயம்பட்டவர் அரசு மருத்துவமனையில் சேர்ந்து மூன்றாம் நாள் வீடு திரும்புகிறார். எஃப்.ஐ.ஆர். பதிவானது சம்பவத்தின் மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு. பிரிவுகள்: பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 296(பி) ஆபாசப் பேச்சு, 118(1) ஆயுதத்தால் காயம், 351(3) கொலை மிரட்டல். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, 42 வயது, 28ஆம் தேதி ரிமாண்ட்.

இந்த மூன்று பிரிவுகளையும் பார்த்தவுடன் பழைய ஆட்களுக்குச் சிரிப்பு வரும். ஐ.பி.சி. 294(பி), 324, 506(2) என்று எங்கள் காலத்தில் எந்தக் கைகலப்புக்கும் சேர்ந்தே வருகிற கூட்டணி அது. உங்கள் மாணவர்களும் எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அங்கேதான் வாய்ப்பாடு காலை வாரிவிடும். பழைய 324 வழக்குக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். 118(1)ஐ பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) முதல் அட்டவணையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஜாமீனில் விட முடியாத குற்றம். அடி அதே அடி, காம்பு அதே காம்பு, தண்டனை இன்றைக்கும் மூன்று ஆண்டு வரைதான். ஆனால் முன்பு சாயங்காலம் வீடு திரும்பியிருக்கக்கூடியவர் இப்போது மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறார். சட்டச் சீர்திருத்தம் என்றால் என்ன என்று கேட்கிற மாணவனுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால், ஒரு மணி நேர விரிவுரை மிச்சம்.

உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம்தானே, இவரைக் கைது செய்தே ஆக வேண்டுமா? கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 35(3) அறிவிப்பு கொடுத்தார்களா? பழைய 41ஏ-யின் இடத்தில் இருப்பது அது. இப்படிப்பட்ட குற்றங்களில் தானாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2022இல் ‘இந்த நடைமுறையை மீறினால் அதுவே ஜாமீனுக்குக் காரணம்’ என்று உறுதி செய்ததும் இங்கே வேலைக்கு வரும். மனுவில் தீர்ப்பை அரைப்பக்கம் மேற்கோள் காட்டத் தேவையில்லை. ‘35(3)இன் கீழ் அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை, கைதுக்கான காரணங்கள் ரிமாண்ட் அறிக்கையில் இல்லை’ என்று இரண்டு வரி. ரிமாண்ட் அறிக்கையைப் படித்துப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு வரியும். படிக்காமலே அதை எழுதுகிற வக்கீல்களும் இருக்கிறார்கள், ஏ.பி.பி. (அரசுத் தரப்பு வக்கீல்) எழுந்து அறிவிப்பின் நகலை நீட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி மனு. மாணவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: ‘மனுதாரர் ஒரு அப்பாவி. அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. முன்விரோதம் காரணமாகப் பொய்யாக வழக்கில் சேர்க்கப்பட்டுள்ளார். அவர் மரியாதைக்குரிய குடும்பத்தைச் சேர்ந்தவர்.’ நாலு வாக்கியம் இருக்கிறது, ஒரு தகவல் இல்லை. அந்தக் காலைப் பட்டியலில் உள்ள எல்லா மனுவிலும் இதே நாலு வாக்கியம் இருக்கும். மாஜிஸ்திரேட்டின் கண் அதைத் தாண்டித்தான் படிக்கும். இதை அழித்துவிட்டு எழுத வையுங்கள்:

‘மனுதாரர் மேற்படி கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தாயார், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறார். இரண்டு ஏக்கர் குத்தகை நிலம் தவிர வேறு வருமானம் இல்லை. தற்போது குறுவை நாற்று நடவுக்கு நிற்கிறது. இவர் மீது முன்வழக்கு எதுவும் இல்லை. அரசுத் தரப்பு வழக்கின்படி காயம் ஒன்று. காயம்பட்டவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டார். ஆயுதம் கைப்பற்றப்பட்டுவிட்டது. சம்பவம் காலை 6.30 மணி, முதல் தகவல் அறிக்கை மறுநாள் இரவு 9 மணி.’

கடைசி வாக்கியத்தில் ‘காலதாமதம் பெருத்த சந்தேகத்தைக் கிளப்புகிறது’ என்று சேர்க்கத் துடிப்பார்கள். வேண்டாம். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கிறவருக்கே புரியும். நம் பக்கத்தில் அடிதடி வழக்கு ஜாமீனில் நீதிபதி கேட்கிற முதல் கேள்வி, “காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆயிட்டாரா?” இரண்டாவது, “முன்வழக்கு உண்டா?” இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத மனு எவ்வளவு இலக்கணமாக இருந்தாலும் வாய்தாவுக்குத்தான் போகும். அதேபோல காயச் சான்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் காயம் என்பது கொடுங்காயம் என்று மாறினால் போலீஸ் பிரிவை 118(2)க்கு மாற்றி அறிக்கை போடும். அதில் ஆயுள் வரை தண்டனை உண்டு. பையில் இருக்கிற மனு அதோடு பழங்கதை.

ஒரு கண்ணியை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் நன்றாக எழுதத் தெரிந்த மாணவர்தான் இதில் விழுவார். ‘வாய்க்கால் தகராறில் இருவருக்கும் தள்ளுமுள்ளு ஏற்பட்டது உண்மைதான், ஆனால் மனுதாரர் தற்காப்புக்காகவே…’ என்று கதை சொல்லத் தொடங்கிவிடுவார். படிக்க உருக்கமாக இருக்கும். ஆனால் சம்பவ இடத்தில் கட்சிக்காரர் இருந்தார் என்பதை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். நாளைக்கு விசாரணையில், அவர் அங்கே இல்லவே இல்லை என்று வாதாட நேர்ந்தால் இந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள். ஜாமீன் மனுவில் சம்பவத்தைச் சொல்ல வேண்டிய இடமெல்லாம் ‘அரசுத் தரப்பு வழக்கு என்னவென்றால்’ என்றுதான் தொடங்க வேண்டும். எங்கள் சீனியர் இதற்காகவே என் மனுக்களில் சிவப்பு மையால் ‘யார் சொன்னது?’ என்று எழுதி வைப்பார்.

முன்பு போட்ட மனுவை மறைக்கக் கூடாது என்பதையும் இப்போதே பழக்கிவிடுங்கள். குஷா துருகா வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அதே வழக்கில் ஏற்கெனவே தாக்கலான ஜாமீன் மனுக்கள் எவை, என்ன உத்தரவு என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும் என்று தெளிவாக்கியிருக்கிறது. ‘இது மனுதாரரின் முதல் ஜாமீன் மனு, இதே நிவாரணம் கோரி வேறு எந்த நீதிமன்றத்திலும் மனு நிலுவையில் இல்லை’ என்ற பத்தியைத் தட்டச்சுக்காரர் சேர்க்கட்டும் என்று விடாமல், கட்சிக்காரரைக் கேட்டு எழுத வேண்டும். குடும்பத்தில் மச்சான் ஒரு வக்கீலையும் மாமனார் ஒரு வக்கீலையும் பிடித்திருப்பது நம் ஊரில் அபூர்வமா என்ன?

சீர்திருத்தத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 அன்று சட்டங்கள் அமலுக்கு வந்தபோது தமிழ்நாட்டு வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தோம். மாநில அளவில் என்ன திருத்தம் தேவை என்று பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் அரசு ஒரு குழுவும் போட்டது. இந்த வரலாற்றை மறைக்க வேண்டாம். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவார்கள், சட்டத்தை யாரும் திறக்க மாட்டார்கள். அந்த மடைத் தகராறு எஃப்.ஐ.ஆரையே மறுபடி கையில் கொடுத்து, சட்டம் இந்த ஒரு மனிதரை எங்கெல்லாம் தொடுகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

போலீஸ் காவலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் முதல் 15 நாளோடு அது முடிந்துவிடும் என்றே நடத்தி வந்தோம். பி.என்.எஸ்.எஸ். 187(2)இல் அந்தப் பதினைந்து நாளை, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். அப்படியானால் ‘இன்னும் கஸ்டடி எடுக்க வேண்டியிருக்கிறது, ஜாமீன் தரக் கூடாது’ என்று அரசுத் தரப்பு இழுத்துக்கொண்டே போகுமே என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்டவரை உட்கார விடாமல் 480(1)ஐப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நாளுக்கு மேல் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே ஜாமீன் மறுக்கப் போதுமான காரணம் ஆகாது என்று அதன் வரம்புரையில் இருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மனுவில் அதை யார் எடுத்துச் சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

479 இன்னும் சுவையானது. முன்பு தண்டனை பெறாத முதல் முறைக் குற்றவாளி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் பிணையப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்கிறது. பழைய 436ஏ-யில் எல்லோருக்கும் பாதி. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளில் உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றது. நல்ல செய்தி. ஆனால் 479(2), ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. நம் எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவு இருக்கிறதே, அப்போது ‘ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்’ ஆகிவிடுமா? இரண்டு அணியாகப் பிரித்து இதை வாதாட விடுங்கள். சலுகை கொடுத்த பிரிவு பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்களுக்கு எட்டாமல் போகிற மாதிரிப் படிப்பது சரியல்ல என்பது என் கட்சி. உங்கள் மாணவர்கள் என்னைத் தோற்கடித்தால் சந்தோஷம்.

நாள் எண்ணுவதைக் கரும்பலகையில் செய்யுங்கள். 118(1)க்கு இறுதி அறிக்கைக்கான கெடு 60 நாள். அதற்குள் போலீஸ் அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உள்ளே இருப்பவரின் உரிமை. இந்த வழக்கில் அவ்வளவு காலம் உள்ளே இருக்க நேராது; கணக்குக்காகச் சொல்கிறேன். ஜூன் 28 ரிமாண்ட் என்றால் அறுபதாவது நாள் எது? பாதி வகுப்பு ஆகஸ்ட் 27 என்று சொல்லும். கபில் வாதவன் வழக்கில் 2023இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முடித்து வைத்தது. ஜூனில் 3, ஜூலையில் 31, ஆகஸ்டில் 26. ஆக, 26ஆம் தேதி அறுபது. அன்றைக்கும் அறிக்கை வரவில்லையென்றால் 27 காலையில் கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். மத்தியானம் போகலாம் என்று இருந்தால் அறிக்கை அதற்குள் தாக்கலாகியிருக்கும். உரிமை போய்விடும்.

எந்தக் கோர்ட் என்பதில் நம் டெல்டாவுக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. இந்த வழக்கு மாஜிஸ்திரேட் விசாரிக்கக்கூடியது. ஆகவே முதல் மனு 480இல் அங்கேதான், செஷன்ஸ், உயர் நீதிமன்றங்களுக்கான 483க்கு நேரே தாவ வேண்டாம். அங்கும் செஷன்ஸிலும் தள்ளுபடியாகி உயர் நீதிமன்றம் போனால்? குத்தாலம் மயிலாடுதுறை மாவட்டம், ஆகவே சென்னை. இதே சண்டை கொஞ்சம் மேற்கே ஆடுதுறையில் நடந்திருந்தால் தஞ்சாவூர் மாவட்டம், மதுரைக் கிளை. பஸ்ஸில் அரை மணி நேர தூரம்தான். எஃப்.ஐ.ஆர். எந்த ஊர் ஸ்டேஷன் என்று பார்க்காமல் மனு தயாரித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரயில் மாறியவர்களை எனக்குத் தெரியும்.

மாதிரி மனுக்கள் எதிலும் இல்லாத இடத்துக்கு இப்போது வருகிறேன். ஜாமீன் கிடைத்தது என்று வக்கீல் போனை வைத்துவிடுவார். கட்சிக்காரர் வெளியே வந்திருக்க மாட்டார். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு அம்மா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். மகனுக்குச் செவ்வாய்க்கிழமையே ஜாமீன். தலா பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த சம்பந்தம். பையில் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இருந்தன. வரி ரசீது, செத்துப்போன புருஷன் பெயரில். வீடு இருப்பது கோயில் மனையில், பட்டா கிடையாது. “வேற ரசீது கொண்டாங்க” என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேறு ரசீதுக்கு அவர் எங்கே போவார்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. பையன் திங்கட்கிழமை வந்தான். ஆறு நாள், உத்தரவு கையில் இருக்கும்போதே.

கோயில் மனையிலும் மடத்து நிலத்திலும் குடியிருக்கிறவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். 1978இல் மோதி ராம் வழக்கில், பத்தாயிரம் ரூபாய் ஜாமீனுக்கு வழியில்லாத ஒரு கொத்தனாருக்காக நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது இதைத்தான். வேறு மாவட்டத்து ஜாமீன்தாரர் என்று தள்ளியதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தொகை அதிகப்படியாக இருக்கக் கூடாது என்று 484 சொல்கிறது. 2023 ஜனவரி 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே வகுப்பில் மனுவோடு நிறுத்தாதீர்கள். ‘மனுதாரர் கூலித் தொழிலாளி, சொந்த மனை இல்லை, உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவரை மட்டுமே தர இயலும்’ என்ற பத்தியை மனுவிலேயே எழுத வையுங்கள். பிறகு ஜாமீன்தாரர் உறுதிமொழி, அதில் 486 கேட்கிற மாதிரி இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றார் என்ற விவரம். அதற்கடுத்து நிபந்தனைத் தளர்வு மனு. தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்றால், நடவு வேலைக்குப் போகிறவர் அந்த நாளின் கூலியை இழக்கிறார் என்பதை அந்த மனு சொல்ல வேண்டும்.

தமிழில் எழுத விடலாமா என்றால், தாராளமாக. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் மனு செல்லும். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும். அது ஆறு மாதத்தில் பழகிவிடும். என் அனுபவத்தில், தமிழில் எழுதச் சொன்னால் ‘அப்பாவி’ பத்தி தானாகக் குறைகிறது. தாய்மொழியில் வெற்று வார்த்தை எழுதக் கொஞ்சம் கூச்சம் வரும் போலிருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பக்கத்தையும் ஒரு வகுப்பு எடுங்கள். மடைச் சண்டையில் அடிபட்டவர் பட்டியல் சாதியினர், அடித்தவர் அல்லாதவர் என்று ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வந்தால் முன்ஜாமீன் கதவு 18ஆம் பிரிவில் மூடிக்கொள்கிறது. ஜாமீன் விசாரணைக்கு முன் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தந்து அவரைக் கேட்க வேண்டும் என்று 15ஏ வருகிறது. அவருக்காக ஆட்சேப மனு எழுதச் சொல்லுங்கள். நேற்று எதிரிக்காக எழுதிய அதே மாணவரிடம் கொடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் வாதம். ஒருவர் மாஜிஸ்திரேட், மேசையில் நாற்பது கட்டு. ஒருவர் ஏ.பி.பி., “சிடி ஃபைல் வரல யுவர் ஆனர், ஒரு நாள் டைம் வேணும்” (போலீஸின் வழக்கு நாட்குறிப்பு வரவில்லை) என்று அவர் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனுதாரர் வக்கீல் திணற வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். கோர்ட்டில் அதிகம் நின்றதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை மாணவர்களோடு ஏதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பின் பெஞ்சில் வந்து உட்காருங்கள். பன்னிரண்டு மணிக்குள் நான் எழுதாமல் விட்டதெல்லாம் தெரிந்துவிடும்.

மதிப்பெண். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிப்படி வரைவுப் பயிற்சி 15, மொத்தம் 45; ஆக ஜாமீன் மனுவுக்கு மூன்று. எஃப்.ஐ.ஆரையும் ரிமாண்ட் அறிக்கையையும் முழுதாகப் படித்திருக்கிறார் என்பது மனுவில் தெரிந்தால் ஒன்று. ஆள் யார், ஏன் ஓட மாட்டார் என்பது தகவலாக இருந்தால் ஒன்று. ஜாமீன்தாரர் பத்திக்கு ஒன்று. ‘முதியவர், சர்க்கரை நோயாளி’ என்று எழுதி வந்தால் அந்த மூன்றையும் பிடுங்கிக்கொள்ளுங்கள்.